சிகாமணி பேர்ல நூத்தி நாப்பது நாள்

மொதல்ல குஷன் வரும், அப்புறம் ஃபிளாஸ்க் வரும், அப்புறம் தொரையோட பொண்டாட்டி எஸ்தர் வருவா, கடைசியாத்தான் தொரை வருவாரு, இப்ப வந்து ஒக்கார்றாரு பாரு, என் பக்கத்து நாற்காலியில, காத்து ஊதுன குஷன் மேல, நடுவுல ஓட்ட வெச்ச குஷன், உளுந்து வடை மாரி, அது மேல ஒக்காந்து ஒரு மூச்சு விடுறான், அந்த மூச்சுக்குக்கூட ஹால்ல நாலு பேரு திரும்பிப் பாக்குறான், பாவம்ன்றான், பெரிய சாப்ன்றான், நானும் அதே மூச்சுதான் விடுறேன், காலையில இருந்து விட்டுகினு கீறேன், ஒரு நாயும் திரும்பல. இரும்பு நாற்காலி எனக்கு, சில்லுனு முதுகுல ஏறுது, கிட்னி எடுத்த எடத்துல தையல் போட்ட கோடு இருக்குதே, அது வழியா உள்ள போற மாரி கீது. எடுத்தது எனக்கும் கிட்னிதான். அவனுக்கும் கிட்னிதான். அவன் ஞானசிகாமணி, நாயப் சுபேதார், ரிட்டையர்டு. நான் கன்னியப்பன், வெறும் நாயக், ரிட்டையர்டு. ஒரே வருஷம் பட்டாளத்துல சேந்தோம், ஒரே டெப்போவுல லாரி கழுவுனோம், ஒரே வியாதி வந்துச்சு, டாக்டரு கூட ஒரே டாக்டரு. ஆனா அவனுக்கு வந்தது சர்க்கார் கேன்சர், எனக்கு வந்தது சொந்த கேன்சர். பென்சனுக்கான மெடிக்கல் போர்டு அப்படித்தான் எழுதிச்சு. அவன் பேப்பர்ல, பட்டாள சேவையால வந்த வியாதின்னு கீது. என் பேப்பர்ல, சேவைக்கும் வியாதிக்கும் சம்மந்தம் இல்லன்னு கீது. சம்மந்தம் இல்லையாம். நானும் கேன்சரும் என்னமோ சந்தையில பாத்துகினு, நீ எந்த ஊரு, நான் இந்த ஊருன்னு பேசிப் பழகிகினு ஊட்டுக்குக் கூட்டியாந்த மாரி. ஊருல செத்தவன் படத்துக்கு மாலை போடுவான் இல்ல, அவன் படத்துக்கு கீழ நாட்டுக்காகன்னு எழுதுவான், என் படத்துக்கு கீழ இன்னா எழுதுவான், விதின்னு எழுதுவான். சரி, கன்னியப்பா, காலங்காத்தால இன்னாத்துக்கு மாலை, படம், வாய மூடு. வாய மூடுனாலும் உள்ள ஒண்ணு பேசிகினேதான் கீது, அதுக்கு எந்த டாக்டரு தையல் போடுவான்.

"இன்னாடா, மொறைக்கிற," ன்றான் சிகா. குரலு காத்தாப் போச்சு அவனுக்கு, நுரையீரலுக்கு ஏறிச்சாம், கிழிஞ்ச துருத்தி மாரி வருது. "குஷன் வேணுமா."

"வேணாம்பா, உன் வடைய நீயே துன்னு," ன்றேன். எஸ்தர் சிரிக்கிறா. அவ சிரிச்சா எனக்கு இன்னும் பத்திகினு வருது, ஏன்னா என் வசந்தா சிரிக்கிறதே இல்ல, அவ வரவும் இல்ல, பஸ்ஸுல ரெண்டு பேரு ஏறணுமா, நீயே போய் அசிங்கப்பட்டு வான்னு சொல்லிட்டா. போன தபா போர்டு லெட்டரு வந்த அன்னிக்கு அவ அத்த வாங்கி, மடிச்சு, அரிசி டின்னுக்குள்ள போட்டு மூடிட்டா. நாளைக்கு நான் போயிட்டா அவளுக்கு வர்ற பென்சன் ஒண்ணு, சிகா போயிட்டா எஸ்தருக்கு வர்ற பென்சன் வேற ஒண்ணு, அது அவளுக்குத் தெரியும், சொல்ல மாட்டா, அரிசி அளக்கும்போது அந்த லெட்டர தொட்டுட்டு அளப்பா. அதான் இன்னிக்கு அப்பீலு. எனக்கு அப்பீலு, அவனுக்கு மறுபரிசோதனை. அவனுக்கு ரெண்டு வருஷத்துக்குத்தான் மொதல்ல குடுத்தான், இன்னிக்கு போர்டு பாத்து ஆயுசுக்கும்னு எழுதணும். ஆயுசுக்கும்னு எழுத ரெண்டு வருஷம் யோசிச்சான், அவன் ஆயுசப் பாத்தா ஆறு மாசம் தாங்குமான்னு தெரியல. செவுத்துல நோட்டீஸு ஒட்டிகீது: பேரு மூணு தரம் கூப்பிடப்படும், ஆஜராகாதவர் கோப்பு தலைமை அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பப்படும், அடுத்த அமர்வு ஆறு மாதம் கழித்து. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன், படிச்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டு பேர கூப்டு அனுப்பிச்சிட்டான்.

கூப்புடுறவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். அதான் எனக்குப் புடிக்கல இந்த ஹால்ல. வெள்ளக் கண்ணாடிக்குப் பின்னாடி ஒக்காந்துகினு மைக்குல கூப்புடுறான், செவுத்து டப்பாவுல இருந்து சத்தம் வருது, நாம ஹாஜிர், வந்தாச்சுன்னு கத்தணும், உள்ள வான்னு சொல்லுவான், மூக்கடைச்ச குரலு அவனுக்கு, "ழாயக் ழோகநாதன்", நான் கேட்ட ஒடனே புடிச்சிட்டேன் அந்தக் குரல, காலையிலயே எடுத்து ஒரு தபா வுட்டேன், முன் வரிசையில ஒருத்தன் எழுந்து ஓடப் பாத்தான். அப்படித்தான் அது, தானா வரும். பள்ளிக்கூடத்துல வாத்தியாரு குரலு, ஊட்டுல எங்கப்பன் குரலு, டிரெய்னிங்ல குதிரை குரலு, எந்த சத்தம் காதுல வுழுந்தாலும் நாக்கு அத்த ஒரு தபா உருட்டிப் பாக்காம வுடாது. எட்டாவது தாண்டல நான். சிகா பத்து பாஸு. ரெண்டு பேருக்கும் அவ்ளோதான் வித்தியாசம், அப்போ. டெப்போவுல கழுவுற ஷெட்டு ஒண்ணு. லாரி இஞ்சின பிரிச்சு, சாமான கிரீஸோட கொண்டாந்து தொட்டியில முக்குவோம். தொட்டியில தண்ணி மாரி ஒண்ணு, தண்ணி இல்ல, தெளிவா இருக்கும், லேசா ஆவி வரும், இனிப்பா ஒரு வாசனை, பழுத்த பழம் மாரி. முக்கி எடுத்தா இரும்பு பொறந்த கொழந்த மாரி வரும். கை கழுவுறதும் அதுலதான், ஏன்னா சோப்புக்குப் போகாத கிரீஸு அதுக்குப் போகும், சட்டைக் கறைக்கும் அதுதான், ஒரு தபா சிகா தலைமுடியில தார் ஒட்டிச்சுன்னு நானே அதுல துணிய முக்கித் தொடச்சு வுட்டேன். மத்தியானமானா தலை சுத்தும், சிரிப்பா வரும், ஓசி போதைடான்னு சொல்லுவேன் நான், எல்லாம் சிரிப்பான். ஹவில்தார் ரத்தோர் மட்டும் உள்ள வரமாட்டான். புத்திசாலி. வெளிய மரத்தடியில நாற்காலி போட்டுகினு, ஷெட்டு ஜன்னலுக்கு நேரா வாய வெச்சு ரோல் கால் எடுப்பான். நாங்க உள்ள ஈரத்துணிய கண்ணு வரைக்கும் கட்டிகினு நிப்போம், எவன் மூஞ்சி எவனுக்குத் தெரியும். பேரு வரும், குரலு போகும், ரத்தோர் டிக் போடுவான். "கியான்-ஷிகா-மோனி." "ஹாஜிர் சாப்."

"டேய், ரத்தோர் பேசுடா," ன்றான் சிகா இப்ப, திடீர்னு, என்னமோ என் மண்டைக்குள்ள எட்டிப் பாத்த மாரி. "எஸ்தர் கேட்டது இல்ல."

நான் மாட்டேன்னுதான் இருந்தேன். ஆனா வாய். "க்யா ரே மதராசி," ன்னு வந்துச்சு, வெத்தலய கன்னத்துல ஒதுக்குன குரலு, "டாங்கி சாப் ஹை யா தேரா மூ?" தொட்டி சுத்தமா, இல்ல உன் மூஞ்சி சுத்தமான்னு. எஸ்தருக்கு ஹிந்தி வராது, ஆனாலும் வாயில முந்தானைய வெச்சுகினா. அந்தாண்ட நாற்காலியில குல்லா போட்ட பெருசு ஒண்ணு, அறுபத்தஞ்சு சண்டையில இருந்தவராம், எண்பதத் தாண்டிகீது, அது கூட திரும்பி, "ராஜஸ்தான்காரன் அப்படியே கீறான்யா," ன்னுச்சு. சிகா சிரிச்சு, இருமி, இன்னும் இருமி, எஸ்தர் ஃபிளாஸ்க்க தொறந்து இஞ்சித் தண்ணி ஊத்தி, முதுகத் தடவி. நான் பாத்துகினு கீறேன். இருமுறதுல கூட அவனுக்குக் கையி ஒண்ணு கெடைக்குது.

அந்தக் கோர்ஸு. பட்டாளத்துல பெரிய படிப்பு சர்ட்டிபிகேட்டு வாங்கினாத்தான் ஹவில்தார் தாண்டி மேல ஏற முடியும். கிளாஸு காலையில, கழுவுற ஷெட்டு ட்யூட்டியும் காலையில. லீவு குடுக்கமாட்டான் ரத்தோர். சிகா ராவும் பகலும் மூஞ்சிய தொங்கப் போட்டுகினு இருந்தான். நான்தான் சொன்னேன். அவன் கேக்கல, அத்த நான் ஒத்துக்கணும், இந்த நாற்காலி மேல ஒக்காந்து பொய் சொல்லக் கூடாது, அவன் கேக்கல, நான்தான் சொன்னேன், நீ போடா, உன் பேருக்கு நான் சொல்றேன்னு. எனக்கு அப்போ கம்பளி ஸ்டோர் ட்யூட்டி. கம்பளி ஸ்டோர்ல இன்னா வேல, கம்பளி ஓடிப் போவாம பாத்துக்கணும், அவ்ளோதான். அங்க கையெழுத்து போட்டுட்டு நழுவி வந்து ஷெட்டுல நிப்பேன், துணி கட்டிப்பேன். மொத நாளு பேரு வந்துச்சு. "கியான்-ஷிகா-மோனி." சிகா குரலு அப்போ எப்படின்னா, அடியில இருந்து வரும், சர்ச்சுல பாடுன குரலு, வெண்கலச் சொம்ப கவுத்து தட்டுன மாரி, கடைசி எழுத்துல ஒரு சின்ன இழுப்பு. எடுத்து வுட்டேன். "ஹாஜிர் சாப்ப்." டிக். உள்ள இருந்த எட்டு பேரும் துணிக்குள்ள குலுங்குறான். என் ஜென்மத்துல அது மாரி கைத்தட்டு கெடைச்சது இல்ல, சத்தமே இல்லாத கைத்தட்டு. அன்னிக்கு நின்னேன், மறுநாளு நின்னேன், ஏழு மாசம் நின்னேன், மாசத்துக்கு இருபது நாளு. நூத்தி நாப்பது நாளு. கூலி இன்னான்னா, அவன் பங்கு அவிச்ச முட்டை, டீ டயத்துல கொண்டாந்து குடுப்பான். முட்டைக்காக நிக்கல நான். அவன் மேல உசுருன்னும் சொல்ல முடியாது. அந்தக் குரலு எனக்கு வருதுன்றதுக்காக நின்னேன். அவனா நின்னா நான் கொஞ்சம் ஒசரமா இருந்த மாரி இருந்துச்சு. அவன் அங்க ஒரு எழுத்து எழுதுனா நான் இங்க ஒரு மூச்சு இழுத்தேன். அவன் பாஸ் ஆனான், ஏறுனான், நட்சத்திரம் குத்துனான். பார்ட்டியில ரம்மு ஊத்திட்டு எல்லார் மின்னாடியும் சொன்னான், இது கன்னியப்பன் நட்சத்திரம்னு. நான் ரத்தோர் குரல்ல, "தோ உதார்கே தே தே," ன்னேன், அப்ப கழட்டி எனக்குக் குடுடான்னு. எல்லாம் சிரிச்சான். நான் கூட சிரிச்சேன். சிரிச்சது மட்டும்தான் எனக்கு மிஞ்சிச்சு.

இப்ப போர்டுகாரன் ரிஜிஸ்டர வரவழைச்சுப் பாத்தான். முப்பது வருஷத்து ரிஜிஸ்டரு, கரையான் தின்னது போக மீதி. ஞானசிகாமணி, கழுவுற ஷெட்டு, முன்னூத்திப் பத்து நாளு ஹாஜிர். சரி, கெமிக்கல்தான் காரணம், எழுது. கன்னியப்பன், கம்பளி ஸ்டோர். கம்பளி எந்தக் கேன்சரும் குடுக்காது, எழுது. முன்னூத்திப் பத்துல நூத்தி நாப்பது என்னுது. அவன் நின்னதும் நெசந்தான், நூத்தி எழுபது அவன் நின்னான், அவன் மூக்குலயும் போச்சு. ஆனா என் நூத்தி நாப்பதும் அவன் பேர்ல போய் ஒக்காந்துகிச்சே. என் மூச்ச வெச்சு அவன் ஜெயிச்சான்னா நான் எப்படி தூங்குறது. இன்னொண்ணும் கீது, அது என் வாயால வந்தது, அத்த நெனச்சா செருப்பால அடிச்சுக்கலாம். மொத போர்டுல டாக்டரம்மா கேட்டுச்சு, ஸ்மோக்கிங் உண்டான்னு. சின்னப் பொண்ணு, கண்ணாடி, முகத்துல ஒரு சிரிப்பு கெடையாது, சிரிக்க வெச்சுப் பாக்கலாம்னு தோணிச்சு எனக்கு. "ரயிலு இஞ்சின் மாரிங்க," ன்னு சொல்லி, குக்கூன்னு ஒரு விசிலு, ஜிகுஜிகுன்னு ஒரு சத்தம். அது சிரிக்கல. குனிஞ்சு எழுதிச்சு. நான் பீடி தொட்டதே இல்ல. லெட்டரு வந்தப்புறம் பையன உட்டு படிக்கச் சொன்னா, கடும் புகைப்பழக்கம்னு கீது. சிகா அதே டாக்டரம்மாகிட்ட எல்லாத்துக்கும் "நோ மேடம், நோ மேடம்". ஒரு வார்த்த ஜாஸ்தி பேசல. படிச்சவன்.

சட்டைப் பாக்கெட்டுல மனு பேப்பரு. தொட்டுப் பாக்குறேன். கீது. இன்னும் மூணு தபா தொட்டா கிழிஞ்சிடும். பேட்டையில ஒரு ரிட்டையர்டு கிளார்க்கு, மனு எழுதுறவரு, அவருதான் டைப் அடிச்சுக் குடுத்தாரு. மேற்படி நூத்தி நாப்பது நாட்களும் மேற்படி ஞானசிகாமணி அவர்களின் குரலில் நானே ஆஜர் கூறி அவருக்குப் பதிலாக வேலை செய்தேன். அடியில சாட்சின்னு ஒரு கோடு, கோட்டு மேல ஒண்ணும் இல்ல. "சாட்சி யாருயா," ன்னு கேட்டாரு அவரு. ரத்தோர் செத்துட்டான். அந்த எட்டு பேர்ல எவன் எங்க கீறானோ. "சிகாமணிதான்," ன்னேன். அவரு கண்ணாடிய கழட்டி என்னப் பாத்தாரு. "அவரு கையெழுத்து போட்டா அவரு ஃபைலே தொறந்துடும்யா. பொய் ஹாஜிருன்னு ஆயிடும். நின்ன நாளும் சேந்து போயிடும். கேட்டுப் பாத்தியா." மூணு தபா போனேன் அவன் ஊட்டுக்கு. மொத தபா அவனுக்கு ஊசி போட்டிருந்தாங்க. ரெண்டாம் தபா மீனு கொழம்பு ஊத்துனா எஸ்தர், துன்னுட்டு வந்துட்டேன். மூணாம் தபா அவன் தூங்கிகினு இருந்தான், தலையில ஒரு முடி இல்ல, தார் ஒட்டுனா தொடைக்கவும் ஒண்ணும் இல்ல, நான் பக்கத்துல ஒக்காந்து அவன் செவுத்துல ஃபிரேம் போட்டு மாட்டிகீற ஆர்டரப் பாத்துகினு இருந்தேன். ஃபிரேம் போட்டுகீறான். வியாதி வந்த பேப்பருக்கு ஃபிரேமு. நான் சிரிக்கல. எனக்கு அது வேணும்னு இருந்துச்சு, பசிக்கிற மாரி இருந்துச்சு. சாட்சி இல்லாம குடுத்தா இன்னா ஆகும்னு கேட்டதுக்கு, "நீ அவன் குரல்ல பேசுவன்றதுக்கு ஆதாரம் இன்னாயா, போர்டு மின்னாடி பாடிக் காட்டுவியா," ன்னாரு மனுக்காரரு. ஏன், காட்டுனா இன்னா. கையெழுத்து இல்லாமயே இன்னிக்கு நீட்டிடலாம்னுதான் பாக்கெட்டுல வெச்சுகினு வந்தேன். ஃபைலு தொறந்தா தொறக்கட்டும். நான் இன்னா பொய்யா சொல்றேன்.

"ஆர்டர் காப்பி ரெண்டு கேக்குறாங்கண்ணா, ஒண்ணுதான் கீது," ன்றா எஸ்தர் எங்கிட்ட. "கீழ ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடுறேன். இவரப் பாத்துக்கோங்க."

"ஓடிப் போனா புடிச்சு வெக்கிறேன், நீ போம்மா."

அவ படி எறங்குறா. சிகா குனிஞ்சு கெடக்குறான், நெத்தியில வேர்வை. "கன்னியப்பா, ஒரு மாதிரி வருதுடா," ன்னு எழுந்தான். புடிக்கப் போனேன், தட்டி வுட்டான், நானே போறேன்னுட்டு செவுத்தப் புடிச்சுகினு பாத்ரூமு பக்கம் போனான், தகரக் கதவு, தாப்பா போடுற சத்தம், அப்புறம் வாந்தி எடுக்குற சத்தம். குஷன்ல அவன் ஒக்காந்த பள்ளம் மெதுவா எழும்பிகினு வருது. அத்தப் பாத்துகினே கீறேன். அப்போ டப்பாவுல வருது.

"ழாயப் சுபேதார் ஞாழசிகாமழி."

ஹாலு சும்மா கீது. ஃபேன் சுத்துது. தகரக் கதவுக்குப் பின்னாடி தண்ணி ஓடுது. சொல்லலாம், பாத்ரூமுல கீறாரு சாரு, ரெண்டு நிமிஷம்னு எழுந்து சொல்லலாம், கண்ணாடி தட்டிச் சொல்லலாம். காலு எழும்பல. எழும்பலையா, நான் எழுப்பலையா. ஒரு தபா போனா இன்னா, இன்னும் ரெண்டு கீது. அவனுக்கு எல்லாத்துலயும் இன்னும் ரெண்டு இருக்கும். மூணும் போச்சுன்னா கோப்பு திரும்பிப் போவும், ஆறு மாசம், ஆறு மாசத்துக்கு அவன். வேணாம், அத்த நெனைக்காத. நெனச்சாச்சு. நான் ஒண்ணும் பண்ணல, ஒரு பொய்யும் சொல்லல, மனு கூட நீட்டத் தேவையில்ல, சும்மா ஒக்காந்து இருந்தாப் போதும், அவன் பேரு காத்துல போவும், பதில் இல்லாம, ஒரு தபா பதில் இல்லாமப் போவட்டுமே. நூத்தி நாப்பது தபா பதில் சொன்னேன், ஒரு தபா சொல்லலன்னா ஒலகம் முழுகிடாது. எஸ்தர் மேல வந்து கேப்பா. கூப்டாங்களாண்ணா. காதுல வுழலம்மான்னு சொல்லலாம். என் காது. இந்தக் காதுல வுழலன்னு.

"ழாயப் சுபேதார் ஞாழசிகாமழி."

குல்லாப் பெருசு என்னப் பாக்குது. "உங்கள இல்லியா," ன்னுது. நான் இல்லைன்னு தலையாட்டுனேன். கையி பாக்கெட்டு மேல போச்சு, பேப்பரு சத்தம் போடுது. அந்த ஷெட்டு வாசனை மூக்குல வருது, இனிப்பா, எங்கிருந்து வருது, ஃபினாயிலா, இல்ல, அதேதான், பழம் பழுத்த மாரி, கண்ணு வரைக்கும் ஈரத்துணி, மூச்சு துணியில ஒட்டி சூடா திரும்பி வருது, ஜன்னலு வெளிச்சம், மரத்தடியில வெத்தல துப்புற சத்தம், இப்ப கூப்புடுவான், இப்ப கூப்புடுவான், எட்டு பேரும் சிரிக்க ரெடியா கீறான். நாக்கு வாய்க்குள்ள பொரளுது. நான் அத்த பல்லால கடிச்சுகினேன், நெசமாவே கடிச்சேன், ரத்தம் உப்பா வந்துச்சு. சொல்லாத. இந்த ஒரு தபா சொல்லாத.

"கடைசி தடவ. ழாயப் சுபேதார் ஞாழசிகாமழி."

"ஹாஜிர் சாப்ப்."

வெண்கலச் சொம்ப கவுத்துத் தட்டுன மாரி. அடியில இருந்து. கடைசி எழுத்துல அந்தச் சின்ன இழுப்பு. என் ஒதடு பெருசா அசையக்கூட இல்ல. "ரெடியா இருங்க, உள்ள கூப்புடுவாங்க," ன்னுது டப்பா, பேனா கீறுற சத்தம் மைக்குல கேக்குது, டிக். அப்புறம் எனக்கே சிரிப்பு வந்துச்சு, வயித்துல இருந்து ஏறி தையல் இழுக்குற அளவுக்கு, ஏன்னா மனுக்காரரு கேட்ட ஆதாரம் இதுதான், போர்டு வாசல்லயே பாடிக் காட்டியாச்சு, நாப்பது பேரு கேட்டான், மைக்குக்காரன் டிக் போட்டான். ஆனா எவனும் திரும்பல. திரும்பிப் பாத்தாத்தானே சாட்சி. அவ்ளோ நல்லா வந்திச்சு. கொஞ்சம் மோசமா பேசியிருந்தா மாட்டியிருப்பேன், மாட்டியிருந்தா ஜெயிச்சிருப்பேன். என் தொழிலு எனக்கே எதிரி.

தகரக் கதவு தொறந்துச்சு. சிகா நிக்கிறான், காலரு நனைஞ்சு, வாயத் தொடச்சுகினு. கையப் புடிச்சு கூட்டியாந்து வடை மேல ஒக்கார வெச்சேன்.

"கூப்டானா," ன்றான்.

"கூப்டான். சொல்லிட்டேன்."

"கேட்டுச்சு." மூச்சு வாங்குறான். "உள்ள கேட்டுச்சுடா. நான் யாரோன்னு நெனச்சேன். அப்புறம்தான்." கண்ணத் தொடைக்கிறான், வாந்தி எடுத்தா கண்ணுல தண்ணி வரும், எனக்கும் வரும். "எங்கிட்டயே இல்லடா அது இப்ப. ஆறு மாசமா எஸ்தர்கிட்ட கூட அந்தக் குரல்ல பேசல. நீ வெச்சினுகீறியே."

அவன் கண்ணு என் பாக்கெட்டுக்கு வந்துச்சு.

"அந்த மனு," ன்றான், மெதுவா. "மனுக்காரரு என் மச்சினனுக்கு தெரிஞ்சவரு. போன மாசமே தெரியும் எனக்கு. நீ வந்து வந்து மீனு துன்னுட்டுப் போற, கேக்கவே மாட்டேன்ற." இருமுறான். "உள்ள போயிட்டு வரேன். வந்து கையெழுத்து போடுறேன். எஸ்தர்கிட்ட சொல்லாத."

பாரு. பாத்தியா. இதுலயும் அவனே மின்ன போயிட்டான். நான் ஒரு மாசமா உள்ள வெச்சு வெந்து, நாக்க கடிச்சு ரத்தம் குடிச்சு, கடைசியில வாய் என்னை மீறி ஒரு நல்லது பண்ணிச்சு, அத்த நான் ஒரு நிமிஷம் கூட வெச்சு அனுபவிக்கல, அதுக்குள்ள அவன் அத்த வுட பெருசா ஒண்ணு எடுத்து வெச்சிட்டான், அதே குஷன் மேல ஒக்காந்துகினு. நட்சத்திரமும் அவனுக்கு, ஆர்டரும் அவனுக்கு, நல்லவன்ற பேரும் அவனுக்கே. எஸ்தர் ஜெராக்ஸோட ஓடி வரா, "கூப்டாங்களா," ன்றா, "கூப்டாங்கம்மா, ஹாஜிர் சொல்லியாச்சு," ன்றேன், கதவு தொறக்குது, ரெண்டு பேரும் உள்ள போறாங்க, அவன் வாசல்ல ஒரு தபா திரும்பி, விரலால காத்துல கையெழுத்து போட்டுக் காட்டுறான், பத்து பாஸு கையெழுத்து, சுழிச்சு வுட்டு, அடியில கோடு.

நான் நகந்து குஷன்ல ஒக்காந்தேன். சூடா கீது. தையல் போட்ட எடம் வலிக்கல. நல்ல குஷன்தான். பேப்பர எடுத்தேன், பிரிச்சேன், சாட்சி கோட்டப் பாத்தேன், மடிச்சேன். வசந்தா அரிசி அளக்குற கையி ஞாபகத்துல வருது. அவகிட்ட இன்னா சொல்லுவேன். பீடி தொடலம்மா, அது வெளையாட்டுக்கு சொன்னதும்மான்னு டாக்டரம்மாகிட்ட மொதல்ல சொல்லணும், அந்த ரயிலு இஞ்சின எறக்கணும் பேப்பர்ல இருந்து, அதுக்கு என் குரலு போதும், வேற குரலு வேணாம். மத்ததுக்கு அவன் கையெழுத்து வேணும், அது வுழுந்தா எஸ்தர் பென்சன்.

"ழாயக் கழ்ழியப்பன்."

இந்தத் தபா ஒரே தடவையில எழுந்தேன். "ஹாஜிர் சாப்," ன்னேன். சின்னக் குரலு. மூக்கும் இல்லாம, இழுப்பும் இல்லாம, வெண்கலமும் இல்லாம, தகர டப்பாவுல கூழாங்கல்லு. இதுதானா என்னுதுன்னு எனக்கே தோணிச்சு, யாரோ என்ன மாரி பேசிப் பாத்து சரியா வராத மாரி.

குல்லாப் பெருசு சட்டுனு தலையத் தூக்கிச்சு. காதுல இருந்த மெஷின தட்டிப் பாத்துச்சு. பாத்ரூமு கதவப் பாத்துச்சு, என்னப் பாத்துச்சு, கண்ண இடுக்கி என் ஒதட்டப் பாத்துச்சு. "ஏம்பா," ன்னுச்சு, என் சட்டைய புடிச்சு, பாக்கெட்டு கிட்ட, பேப்பரு சத்தம் போடுது. "அந்த சாப் உள்ளதானே வாந்தி எடுத்துகினு இருந்தாரு. அப்ப மின்ன ஹாஜிர் சொன்னது யாரு?"

நாப்பது பேர்ல ஒருத்தன். முப்பது வருஷத்துல மொத சாட்சி. டப்பா ரெண்டாவது தரம் என் பேர எடுக்குது.

"அவன்தான் சாப்," ன்னேன். "நீங்களே கேட்டீங்களே."